வசூலு கொண்டுவந்த பெல்ட்

அந்தத் தெருவில் ஒற்றைச் செருப்பு காணாமல் போனால் யாரும் திருடனைத் தேட மாட்டார்கள். மிஞ்சிய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே தையலம்மா வீட்டுப் பின்பக்கத்துக்கு வந்துவிடுவார்கள். குழாயடியை ஒட்டி ஒரு பெரிய பெயிண்ட் டின் இருக்கும். அவள் வீட்டு நாய் ஊர் சுற்றிக் கொண்டுவந்ததெல்லாம் அதற்குள்தான் கிடக்கும். பொம்மையின் கை, சாவி இல்லாத பூட்டு, பாதி தேய்ந்த குளியல் சோப்பு, யாரோ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் அட்டை. ஒரு தடவை ஒரு கோழிக்குஞ்சை உயிரோடு, ஒரு இறகுகூடக் கசங்காமல், வாயில் வைத்துக்கொண்டு வந்தது. இன்னொரு தடவை எங்கேயோ கட்டித் தொங்கவிட்டிருந்த 'வீடு வாடகைக்கு' பலகையை இழுத்துவந்து வாசலில் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது. அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு குடும்பங்கள் வந்து கதவைத் தட்டி, அறை எத்தனை, தண்ணீர் வருமா என்று கேட்டுவிட்டுப் போயின.

அதற்கு வசூலு என்று பெயர் வைத்தவர் பக்கத்து வீட்டுக் கண்டக்டர். ஓய்வுபெற்று ஆறு வருஷமாகிறது. "முப்பது வருஷம் பஸ்ஸுல நான் பண்ணாத வசூலை இவன் மூணு மாசத்துல பண்ணிட்டான்" என்பார். அவருடைய பல் செட்டும் ஒரு நாள் வசூலில் போனது. மத்தியானம் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டுக் கண்ணயர்ந்தவர், தெருவே சிரிக்கிற சத்தம் கேட்டு எழுந்து வந்தார். மனிதப் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே நாய் தெரு நடுவில் நடந்து போய்க்கொண்டிருந்தது.

நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் தையலம்மாவின் புருஷன். எண்ணெய் ஆலையில் பெரிய டாங்க்குகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். காலி பெயிண்ட் டிரம்முக்குள் மழையில் நனைந்து கிடந்த குட்டியைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுத் தூக்கிவந்தார். ஆலையில் அவரைப் பெல்ட்டுக்காரர் என்பார்கள். நாலு மாடி உயர டாங்க்கின் தலையில் நின்று வேலை செய்கிறவர்கள் இடுப்பில் பெல்ட் பூட்டி, அதன் கயிற்றைக் கம்பியில் கொக்கி போட்டு மாட்டிக்கொண்ட பிறகுதான் தூரிகையைத் தொட வேண்டும். இதை அவர் சொல்லிச் சொல்லியே அந்தப் பட்டம் வந்தது. "பெல்ட்ட போடுடா, அப்புறம் வாயப் பேசு" என்று ஏணி அடியில் நின்று கத்துவார். புதிதாக வந்தவர்கள் முதுகுக்குப் பின்னால் கேலி பேசுவார்கள். ஆனாலும் போட்டுக்கொண்டு ஏறுவார்கள்.

அப்படிப்பட்டவர் மூன்றாவது டாங்க்கிலிருந்து விழுந்தார். கீழே அடுக்கியிருந்த சாக்குகள்மேல் விழுந்ததால் உயிர் தங்கியது. இடுப்பெலும்பும் வலது தொடையும் உடைந்தன. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த மறுநாள், ஆலை சூப்பர்வைசர் ஒரு தாளோடு வந்தார்.

தையலம்மா அப்போது உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி வாசித்தாள். 'நான் பாதுகாப்பு பெல்ட் அணியாமல் என் சொந்தக் கவனக்குறைவால் விழுந்தேன்' என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம். அதற்கும் கீழே, 'நேரில் பார்த்த சாட்சி' என்ற இடத்தில் ஏற்கெனவே ஒரு கையெழுத்து இருந்தது. சுழித்துச் சுழித்துப் போட்ட கையெழுத்து. அந்தச் சுழியைப் போடச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அது அவளுடைய தம்பியின் கையெழுத்து.

"வெள்ளிக்கிழமை அரசாங்க ஆய்வாளர் வர்றாரு. அதுக்குள்ள இத முடிச்சுட்டா நல்லது. வழக்கு வம்புன்னு போனா உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார் சூப்பர்வைசர்.

"படிச்சுப் பாத்துட்டுச் சொல்றோம்."

"படிக்கறதுக்கு என்னம்மா இருக்கு? நாலு வரி."

"நாலு வரின்னாலும் அவரு இங்க வேல பாத்த இருபத்திரெண்டு வருஷத்த அழிக்குதே. மெதுவாத்தான் படிக்கணும்."

அவர் போன பிறகு கட்டிலருகில் வந்து உட்கார்ந்தாள். பெல்ட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்ததற்கு முந்தைய அரைமணி நேரம் அவர் நினைவில் இல்லை. டின் மூடியை நெம்பித் திறந்தது ஞாபகம் இருந்தது. அடுத்த ஞாபகம் ஆஸ்பத்திரி மின்விசிறி.

"ஒருவேளை மறந்துதான் போயிட்டனோ என்னவோ" என்றார்.

"என்ன பேச்சு இது?"

"உன் தம்பியே எழுதிக் கொடுத்திருக்கான். அவன் கீழ நின்னு பெயிண்ட் கலக்கிட்டு இருந்தான். அவன் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"தூக்கத்துலகூட இடுப்பத் தடவிப் பாக்கற ஆளு நீங்க. மறந்தேன்னு வேற யார்கிட்டயாவது சொல்லிடாதீங்க, சிரிப்பாங்க."

அவர் சிரிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். உடைந்த எலும்பைவிட அந்த 'ஒருவேளை'தான் அவரை அரிக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. அன்று உருளைக்கிழங்கில் உப்புப் போட மறந்துவிட்டாள். இருவரும் அதைச் சொல்லாமலே சாப்பிட்டார்கள்.

தம்பி பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறான். ஆஸ்பத்திரிக்கு முதல் நாள் வந்ததோடு சரி. அதற்குப் பிறகு எட்டிப் பார்க்கவில்லை. ஏன் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

தையலம்மா வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வண்டி வண்டியாகப் படுக்கை விரிப்புகள் வரும். துவைத்து, காயவைத்து, மடிக்கும் இடத்துக்குப் போகும் முன் கிழிசலெல்லாம் அவள் மேஜைக்கு வரும். பதினேழு வருஷமாக அவள் பார்ப்பது கிழிசல்தான். ஆணியில் மாட்டிக் கிழிந்ததா, கத்தரிக்கோல் பட்டதா, நாள்பட்டு நைந்ததா, ப்ளீச்சிங் பவுடர் அதிகமாகி நூலே வெந்துபோனதா, விரலால் தடவியே சொல்லிவிடுவாள். வெந்த துணியை அவள் தைக்க மாட்டாள். "இதுல ஊசி நிக்காது. நூலு செத்துடுச்சு" என்று ஒதுக்கிவிடுவாள். மேலாளர் மூக்கைச் சுளித்தாலும் அதில் மாற்றமில்லை.

அந்த வாரம் விடாமல் மழை. சலவைக்கூடத்தில் நீராவியும் வெளியே ஈரக்காற்றுமாக எதுவுமே காயவில்லை. வசூலு மட்டும் மழையைச் சட்டை செய்யாமல் வெளியே போய் வந்தது. எஜமான் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அது சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் ஆலைப் பக்கம் போய்விட்டு வெறும் வாயோடு திரும்பிவரும். இப்போது எஜமான் வீட்டில் இருந்தாலும் கட்டிலை விட்டு எழுந்திருக்காதது அதற்குப் பிடிபடவில்லை போலிருக்கிறது. கட்டிலைச் சுற்றி வரும், மாவுக்கட்டை முகரும், மறுபடி கிளம்பிவிடும்.

திங்கள்கிழமை ஒரு கான்வாஸ் ஷூவைக் கொண்டுவந்தது. வழக்கம்போல் டின்னில் போடாமல் நேரே உள்ளே வந்து கட்டிலுக்கு அடியில் வைத்தது. மஞ்சளும் சாம்பலும் பெயிண்ட் தெறித்த ஷூ. பெல்ட்டுக்காரருடையது. விழுந்த அன்று போட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வரும்போது அவருக்கு வெறுங்கால்தான்.

"இது எங்க கெடச்சுதாம் இவனுக்கு?"

"ஆலைக்குப் பின்னாடி ஒரு பள்ளம் இருக்கு. பெயிண்ட் துணி, காலி டின் எல்லாத்தையும் சுவருக்கு மேலே வீசிடுவாங்க. மழையில அடிச்சுட்டு மேல வந்திருக்கும்" என்றார் அவர்.

"உங்க ஷூவ எதுக்கு அங்க வீசணும்?"



செவ்வாய்க்கிழமை ஒரு கையுறை வந்தது. புதன்கிழமை மத்தியானம் மழை சற்று விட்டிருந்தது. தையலம்மா அரைநாள் விடுப்பில் வீட்டில் இருந்தாள். தெருக்கோடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. கிளிங், கிளிங் என்று இரும்பு தரையில் உரசுகிற சத்தம். கண்டக்டர்தான் முதலில் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, உங்க ஆளு இன்னிக்கு ஏதோ சங்கிலியோட வர்றான். ஜெயிலையே வசூல் பண்ணிட்டான் போல."

நாய் பின்பக்கமாக நடந்து, பல்லால் கவ்வி, இழுத்து இழுத்து வந்தது. சேறு அப்பிய ஒரு கனமான பட்டை. இரண்டு பக்கமும் இரும்பு வளையங்கள். வளையத்தில் கட்டிய ஒரு துண்டுக் கயிறு பின்னால் வந்தது.

தையலம்மா வாசலிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள். சேற்றை விரலால் வழித்தாள். பட்டையின் உள்பக்கத்தில் நீலக் கம்பளித் துண்டு வைத்துத் தைத்திருந்தது. இடுப்பில் உரசிப் புண்ணாகிறது என்று அவர் சொன்னபோது, பழைய போர்வையை வெட்டி அவளே தைத்துக் கொடுத்தது. ஓரத்தில் இரட்டைத் தையல், மூலையில் குறுக்குத் தையல். தன் தையலைத் தையல்காரி மறப்பாளா?

பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அப்போதுதான் கவனித்தாள், பக்கிள் பூட்டியபடியே இருந்தது.

பூட்டிய பெல்ட் இடுப்பைவிட்டு எப்படி வரும்? பக்கவாட்டில் பட்டையை அறுத்திருந்தார்கள். சாய்வாக, ஒரே இழுப்பில், கத்தி போன தடம். ஆனால் கயிற்றின் நுனி வேறு மாதிரி இருந்தது. சவரத் தூரிகைபோல் பிரிந்து, மஞ்சள் பூத்து நின்றது. ஒரு புரியை எடுத்து விரலிடுக்கில் தேய்த்தாள். மாவாக உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தாள். இத்தனை நாள் மழை கழுவியும் மூக்கில் ஏறிய அந்தக் காரம், சலவைக்கூடத்தில் வெந்த துணியோடு அவளுக்குப் பழகியதுதான்.

எழுந்து உள்ளே போய், அதை அப்படியே அவர் நெஞ்சின்மேல் வைத்தாள். சேறு போர்வையில் ஊறியது.

"தொட்டுப் பாருங்க."

அவர் கை பக்கிளுக்குப் போனது. பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். பக்கிளின் நாக்கு துளைக்குள் சரியாக உட்கார்ந்திருந்தது.

"பூட்டித்தான் இருக்கு" என்றார். பிறகு குரல் உடைந்து, "பூட்டித்தான்டி இருக்கு" என்றார் மறுபடியும்.

"அதத்தானே நான் அன்னிக்கே சொன்னேன்."

"கயிறு மாத்தச் சொல்லி ரெண்டு தடவ கேட்டேன். ஸ்டோர்ல கயித்த எங்க வெச்சிருக்காங்க தெரியுமா? டாங்க் கழுவற ஆசிட் கேன் இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல. மூடி சரியா மூடாது. புகை கட்டிக் கெடக்கும். அங்க வெக்காதீங்கன்னு சொன்னேன்." அறுந்த ஓரத்தை விரலால் தடவினார். "பட்டைய அறுத்தது யாரு?"

அவளுக்குத் தெரியும். அந்தச் சாய்வு வெட்டு, பெயிண்ட் சுரண்டுகிற வளைந்த கத்தியின் வெட்டு. கீழே நின்று பெயிண்ட் கலக்கியவன் கையில் எப்போதும் அதுதான் இருக்கும்.

"விசாரிச்சுட்டு வர்றேன்" என்றாள்.

தம்பி வீட்டு வாசலில் அவன் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நாத்தனாரைப் பார்த்ததும் முகம் வெளுத்து, "வாங்க அண்ணி, டீ போடறேன்" என்று உள்ளே ஓடினாள். தம்பி ஷிப்ட் முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தான்.

"அக்கா, நானே வரணும்னுதான் இருந்தேன்..."

"மாமா பெல்ட் கெடச்சுடுச்சு."

அவன் கையிலிருந்த சோப்பு நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"வசூலு கொண்டாந்தான். பூட்டினபடி இருக்கு. பக்கவாட்டுல அறுத்திருக்கு. உன் கத்தியா?"

அவன் குனிந்து சோப்பை எடுத்து ஓரமாக வைத்தான். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னான்: "விழுந்தவுடனே அவரு மூச்சு விடறாரான்னுகூடப் பாக்கல அக்கா அந்த சூப்பர்வைசர். பெல்ட்ட எடுடா, எடுடான்னு கத்தினாரு. மாமாவுக்கு மூச்சு முட்டுதுன்னு சொன்னாரு. நானும் அதுக்குத்தான்னு நெனச்சு அறுத்தேன். அப்புறம் மேல ஏறிக் கொக்கிய எடுத்துட்டு வான்னாரு. அப்பத்தான் மாமா பெல்ட் போட்டிருந்ததையே மறைக்கறாருன்னு புரிஞ்சுது."

"புரிஞ்சதுக்கு அப்புறமும் கையெழுத்துப் போட்ட."

"எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குல்ல? போடலன்னா மறுநாளே வீட்டுக்கு அனுப்பிடுவேன்னாரு. மாமாவுக்கு உயிரு இருக்குல்ல, அது போதும்னு நெனச்சேன்."

"உயிரு இருக்கு. படுத்துக்கிட்டு, மறந்துட்டேனோ மறந்துட்டேனோன்னு தன்னையே திட்டிக்கிட்டு இருக்கு அந்த உயிரு. அதுக்கு நீ கொடுத்த மருந்து அந்தக் கையெழுத்து."

தம்பி மனைவி டீயைக் கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை.

"விட்டுடு அக்கா. அவங்க பெரிய ஆளுங்க. அந்த பெல்ட்ட வெச்சு என்ன பண்ணப் போற? நீயே அறுத்துக் கொண்டாந்தேன்னு சொல்வாங்க."

"சொல்லட்டும். நான் உன்ன வந்து சொல்லுன்னு கேக்க வரல. கெஞ்சறதுக்கும் வரல. வெள்ளிக்கிழம பத்து மணிக்கு நான் ஆய்வாளர்கிட்ட போறேன், அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். நீ வந்தாலும் போவேன், வராட்டியும் போவேன். அப்புறம் தெரியாம நடந்துடுச்சுன்னு மட்டும் என்கிட்ட வந்து நிக்காதே."

டீயை அவள் குடிக்கவில்லை. ஆனால் போகும்போது தம்பி மனைவியின் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். அவள்மேல் என்ன தப்பு?

நாய் சங்கிலியோடு வந்த கதை தெருவைத் தாண்டி ஆலை வரைக்கும் போய்விட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசர் மறுபடி வந்தார். இந்தத் தடவை கையில் தாள் இல்லை, ஒரு பை இருந்தது.

"கம்பெனிப் பொருள் ஒண்ணு இங்க இருக்குன்னு சொன்னாங்க. கொடுத்துடுங்க, செக் பண்ணணும்."

"எந்தப் பொருள்?"

"பெல்ட்."

"அவருதான் பெல்ட்டே போடலையே. போடாத பெல்ட் எங்க வீட்டுக்கு எப்படி வரும்?"

 சூப்பர்வைசர் குரலை உயர்த்தினார். "உங்க நாய் கம்பெனிக்குள்ள பூந்து திருடுது. ஒரு போன் போட்டேன்னா நகராட்சி வண்டி வந்து தூக்கிட்டுப் போயிடும், தெரியுமா?"

கண்டக்டர் தன் வாசலிலிருந்து எழுந்து வந்தார். "போடுங்க சார், போன் போடுங்க. என் பல்லையே திருடின நாய்தான் அது. நான் புகார் கொடுக்கல. நீங்க எதுக்குக் கொடுக்கறீங்க? குப்பையில வீசினதத் தூக்கிட்டு வந்தா அதுக்குப் பேரு திருட்டுன்னா, வீசினதுக்கு என்ன சார் பேரு?"

நாலைந்து வீட்டுக் கதவுகள் திறந்தன. சூப்பர்வைசர் பையைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அன்று தையலம்மா அந்தப் பட்டையில் ஒரு தையல்கூடப் போடவில்லை. கை துறுதுறுத்தது. அறுந்ததைப் பார்த்தால் ஊசியைத் தேடுகிற கை. ஆனால் இதைத் தைத்தால் சாட்சி செத்துப்போகும். வெள்ளிக்கிழமை காலை பட்டையை இடுப்பில் சுற்றி, அறுந்த முனைகளை ஒரு துணிப்பட்டியால் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். மேலே சலவைக்கூடத்து நீல அங்கியை மாட்டினாள்.

"பையில எடுத்துட்டுப் போயேன்" என்றார் பெல்ட்டுக்காரர்.

"பையின்னா பிடுங்கிடலாம். இடுப்புல கை வெக்க எவனுக்குத் தைரியம் இருக்குன்னு பாக்கறேன்."

ஆலை அலுவலகத்தில் மேனேஜரும் சூப்பர்வைசரும் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அரசாங்க ஆய்வாளர் நடுவில் இருந்தார். மூக்குக் கண்ணாடி போட்ட, தூக்கம் போதாத முகம். வெளியே வராந்தாவில் பெயிண்டர்கள் ஏழெட்டுப் பேர் வேலைக்குப் போகாமல் சும்மா நின்றார்கள். விரட்டினால் நாலடி நகர்ந்து மறுபடி நின்றார்கள்.

"கையெழுத்தான கடிதம் கொண்டுவந்தீங்களாம்மா?" என்றார் ஆய்வாளர்.

"கடிதம் இல்லீங்க. இதக் கொண்டுவந்தேன்." அங்கியின் பித்தான்களைக் கழற்றித் திறந்து காட்டினாள்.

மேனேஜர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். சூப்பர்வைசர், "சார், அது கம்பெனி ப்ராபர்ட்டி" என்றார். ஆய்வாளர் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி ஏற்றிப் பார்த்தார்.

"கிட்ட வாங்கம்மா. இது அவரோடதுதான்னு எப்படிச் சொல்றீங்க?"

அவள் துணிப்பட்டியை அவிழ்த்து, பட்டையை மேஜைமேல் வைத்து, நீலக் கம்பளியைக் காட்டினாள். எந்தத் தையல், எதற்காக, எந்தப் போர்வையிலிருந்து வெட்டியது என்று சொன்னாள். "அந்தப் போர்வையோட மிச்சம் வீட்டுல இருக்கு. ஆள் அனுப்பினா ஒட்டிப் பாத்துக்கலாம்."

"சார், இதுல கத்திவெட்டு இருக்கு" என்றார் மேனேஜர். "பழைய பெல்ட் ஒண்ண வீட்டுல வெச்சு அறுத்துக் கொண்டுவந்திருக்காங்க. பச்சையாத் தெரியுது."

"பட்டையில கத்திவெட்டுதாங்க. நானும் அதத்தான் சொல்றேன். ஆனா கயித்துல கத்தி படல. கயிறு வெந்துபோய் அறுந்திருக்கு. ஆளோட கனம் தாங்காம அறுந்திருக்கு. ரெண்டும் வேற வேற. பதினேழு வருஷமா இதத்தான் பாத்துட்டு இருக்கேன்."

"கயித்துல நீங்க என்ன நிபுணரா?"

"அறுந்ததுல நான் நிபுணர்தான்" என்றாள்.

வராந்தாவில் யாரோ சிரித்தார்கள். ஆய்வாளர், "அப்ப பட்டைய யார் அறுத்தது?" என்று கேட்டார்.

அவள் மேஜைமேல் கிடந்த பட்டையைப் பார்த்தாள். பெயர் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. கூடப் பிறந்தவன்.  மேனேஜர் வெற்றி பெற்றவர்போல் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நான்தான் அறுத்தேன்."

கதவருகில் தம்பி நின்றிருந்தான். வேலை உடுப்பு, கையெல்லாம் சாம்பல் பெயிண்ட். வளைந்த கத்தியை இடுப்பிலிருந்து உருவி மேஜைமேல் வைத்தான்.  வார்த்தை தடுமாறவில்லை. யார் சொல்லி அறுத்தான், யார் சொல்லிக் கொக்கியை எடுத்தான், யார் சுவருக்கு மேலே வீசினார்கள், எந்த அறையில் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். சூப்பர்வைசர் இடையில் எழுந்தார். ஆய்வாளர், "உக்காருங்க" என்றார் எழுதிக்கொண்டே.

"நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்" என்றார் மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"தெரியும் சார். சாப்பாட்டு டப்பாவ எடுத்துட்டுத்தான் வந்தேன்."

தையலம்மாவுக்கு அங்கேயே அழுகை வந்திருக்கும். ஆனால் வேலை இன்னும் பாக்கி இருந்தது. "அய்யா, ஸ்டோர்ல இருக்கற மத்த கயித்தையெல்லாம் இங்க கொண்டுவரச் சொல்லுங்க" என்றாள்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார் மேனேஜர்.

"இன்னிக்குக் காலையிலகூட அதக் கட்டிக்கிட்டுத்தானே ஏறச் சொல்லியிருப்பீங்க? பெரிய பெரிய ஆம்பளைங்க தொங்கற கயிறு. நான் ஒத்தப் பொம்பள. இழுத்துப் பாக்கறேன், என்ன இப்போ?"

ஆய்வாளர் பேனாவை மூடினார். "கொண்டு வாங்க."

ஒன்பது கயிறுகள் வந்தன. வராந்தாவில் போட்டார்கள். ஒன்றை எடுத்து, ஒரு முனையைக் காலடியில் மிதித்து, மறுமுனையை இரண்டு கையிலும் சுற்றி, விரிப்பை உதறுகிற வேகத்தில் ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள். டப்பென்று அறுந்தது. அவளே எதிர்பார்க்காமல் ஓரடி பின்னால் போனாள். பெயிண்டர் ஒருவன், "அய்யோ, அது என்னோடது" என்றான் மெதுவாக.

இரண்டாவதும் அறுந்தது. மூன்றாவது நின்றது. நான்கு, ஐந்து, ஆறு அறுந்தன. உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தது. தம்பி, "நான் இழுக்கறேன் அக்கா" என்று வந்தான். "தள்ளி நில்லு. உன் பலத்துல அறுந்துதும்பாங்க" என்றாள். ஒவ்வொன்று அறுந்தபோதும் அந்தக் கயிற்றுக்குரியவன் தலையைக் குனிந்துகொண்டான். கடைசியில் ஒன்பதில் ஏழு இரண்டு துண்டாகக் கிடந்தன.

யாரும் அவர்களை வேலைக்குப் போ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்று ஒருவனும் ஏணியைத் தொட்டிருக்க மாட்டான்.

பெல்ட்டை அவள் ஆய்வாளர் கையில்தான் கொடுத்தாள். இன்ன பொருள், இன்ன நிலையில், பக்கிள் பூட்டியபடி பெற்றுக்கொண்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது பெல்ட்டுக்காரர் அவளுடைய உரிந்த உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி வந்து சொன்னதையும் சொன்னாள்.  கையை விடாமலே, "எத்தனன்னு சொன்ன?" என்றார்.

"ஒம்போதுல ஏழு."

"ஏழு பேரு" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

எட்டு நாள் கழித்து ஆலைக்குப் புதுக் கயிறு வந்தது. சூப்பர்வைசரை வேறு எங்கேயோ மாற்றிவிட்டார்கள். தம்பியை வேலையில் திரும்பச் சேர்ப்பதா வேண்டாமா என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள். பெல்ட்டுக்காரரின் கோப்பில் 'கயிறு அறுந்ததால் ஏற்பட்ட விபத்து' என்று மாற்றி எழுதிய நகல் தபாலில் வந்தது. மூன்று தடவை வாசித்தார். மறுநாள் விடிந்ததும், கண்டக்டர் எங்கேயோ கேட்டு வாங்கிக் கொடுத்திருந்த சக்கர நாற்காலியில் தன்னை உட்கார வைக்கச் சொன்னார்.

"எங்க போகணும்?" என்றாள் தையலம்மா.

"வேலைக்கு."

"டாக்டர் மூணு மாசம் அசையக் கூடாதுன்னாரு."

"காலத்தானே அசைக்கக் கூடாது?"

தம்பி வாசலில்தான் நின்றிருந்தான். எட்டு நாளாகத் தினமும் காலையில் வருகிறான், ரொட்டியும் முட்டையும் வாங்கி வைத்துவிட்டு, உள்ளே வராமல் நின்றுவிட்டுப் போகிறான். மாமா அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று அவனைப் பார்த்து, "தள்ளுடா" என்றார்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தள்ளினான்.

ஆலை வாசலில், கேட்டுக்கு நேர் நடுவில் நாற்காலியை நிறுத்தச் சொன்னார். காவலாளி ஓடிவந்தார். "அண்ணே, உள்ள விட உத்தரவு இல்லண்ணே."

"நான் எங்க உள்ள வந்தேன்? ரோட்டுல உக்காந்திருக்கேன். ரோடும் உங்க கம்பெனியோடதா?"

ஷிப்டுக்கு வந்த பெயிண்டர்கள் ஒவ்வொருவராக அவர்முன் நின்றார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் ஆள் தன் புதுக் கயிற்றை நீட்டினான். அவர் ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டு, "இழு" என்றார். அவன் இழுத்தான். நாற்காலி முன்னால் நகராமல் தம்பி பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான். "இன்னும் பலமா இழு. காலையில சாப்பிட்டுத்தானே வந்த?" கயிறு விறைத்து நின்றது. "சரி, போ. அடுத்தது."

பின்னால் மேனேஜரின் கார் வந்து நின்றது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். மறுபடி அடித்தார். பெல்ட்டுக்காரர் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார்.

"பொறுங்க சார்" என்றார். "இன்னும் நாலு கயிறு இருக்கு."